கல்லுக்குத் தீட்டு: புரூகலின் விளையாட்டுப் படத்தைப் பூண்டியில் வைத்துப் பார்த்தது

பூண்டியில் அந்தப் படத்தை விரித்துக் கட்டின அன்றைக்கு நல்ல பனி. சாயங்காலம் அஞ்சரைக்கே எதிர்வீட்டுக் கூரை தெரியல. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று வளைந்து வளைந்து போகிற பஸ்ஸில் அந்தச் சுருளைத் தோளில் சாய்த்தபடி நின்றுகொண்டே வந்திருந்தேன். பூண்டியைத் தாண்டினால் கிளாவரை. அதோடு ரோடு முடிகிறது. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் இதுதான் இந்தப் பக்கத்து மனுசர்களின் காலண்டர். மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டு பிடுங்குகிற கைகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் அது வேறு கட்டுரை.

கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் பாடம் சொல்லித்தர நண்பர்கள் அங்கே ஒரு அறை வைத்திருக்கிறார்கள். மாசத்துக்கு ஒரு தடவை நான் போவேன். அந்தத் தடவை பாடம் எதுவும் வேண்டாம், ஒரு படத்தைக் காட்டி அவர்களைப் பேசவிடுவோம் என்று நினைத்தேன். படத்தை ஃப்ளெக்ஸில் அடித்துத் தந்த கடைப்பையன், "அக்கா, இது யாரு? எந்தக் கட்சி?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. நம்ம ஊர்களில் ஃப்ளெக்ஸ் என்றால் ஒரு தலைவரும் ஒரு சாதியும் இருக்கத்தானே வேண்டும்.

படம் பீட்டர் புரூகல் வரைந்தது. 1560ஆம் வருசம். இன்றைய பெல்ஜியமாக இருக்கிற பிரபாண்ட் பகுதியில், ஸ்பானிய அரசன் இரண்டாம் ஃபிலிப்பின் ஆட்சியில் வாழ்ந்த ஓவியர். ஓக் மரப்பலகையில் எண்ணெய் வண்ணம். உயரம் 118 சென்டிமீட்டர், அகலம் 161. இப்போது வியன்னாவில் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் அடித்துக்கொண்டுபோன ஃப்ளெக்ஸும் அதே அளவுதான். அசலுக்குக் குறைந்து நம்ம பிள்ளைகள் எதையும் பார்க்க வேண்டாம் என்கிற வீம்பு.

ஒரு ஊரின் நடுத்தெரு. பெரிய கட்டடம், சாவடி மாதிரி. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கண்ணுக்கு எட்டாத தூரம் வரை நீள்கிற வீதி. இது முழுக்கப் பிள்ளைகள். 200க்கும் மேல். அவர்கள் விளையாடுகிற விளையாட்டுகளை 80க்கு மேல் எண்ணியிருக்கிறார்கள்; எண்ணுகிற ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். பம்பரம், பச்சைக்குதிரை, கண்ணாமூச்சி, கட்டைக்கால் நடை, வளையம் உருட்டுவது, உப்புமூட்டை, தலைகீழாக நிற்பது, பொய்க் கல்யாண ஊர்வலம், மணல்மேட்டில் ஏறி ராசாவாக நின்று அடுத்தவனைத் தள்ளிவிடுவது. பெரியவர்கள் அநேகமாக யாருமில்லை. ஊரைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு எங்கோ போய்விட்டார்கள்.

பிள்ளைகள் முதலில் கேட்டது, "அக்கா, இது எந்த ஊருத் திருவிழா?"

"திருவிழா இல்லடா. சும்மா வெளையாடுறாங்க."

"அத்தன பேருமா? ஒருத்தனும் தோட்டத்துக்குப் போகலயா?"

இன்னொருவன் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் கெழவன் மூஞ்சியா இருக்கு" என்றான். இதே விசயத்தைத்தான் கலை வரலாற்றுக்காரர்களும் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படத்தில் எந்தப் பிள்ளையும் வாய்விட்டுச் சிரிக்கிறதாகத் தெரியவில்லை. முகங்கள் வேலை செய்கிறவர்களின் முகங்களைப்போல இறுகியிருக்கின்றன. பிலிப் ஆரியே என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1960இல் எழுதிய நூலில், குழந்தைப் பருவம் என்று நாம் இன்று சொல்லுகிற கருத்தே ஐரோப்பாவில் மத்திய காலத்தில் இல்லை, அது பிற்பாடு உருவானது என்று வாதிட்டார். அதற்குப் பழைய ஓவியங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அவருடைய வாதத்தைப் பிற்பாடு வந்தவர்கள் நிறையவே மறுத்திருக்கிறார்கள். பூண்டிப் பையன் ஆரியேயைப் படிக்கவில்லை. ஆனால் பத்து வயசில் பெரியவன் மூஞ்சி எப்படி வருகிறது என்று அவனுக்குத் தெரியும்.

படத்தை விளக்கியவர்களில் ஒரு சாரார் இதை நீதிபோதனையாகவே வாசித்தார்கள். மனிதர்கள் தங்கள் காரியங்களை எவ்வளவு பெரிதாக நினைத்தாலும் கடவுளின் கண்ணுக்கு அது பிள்ளை விளையாட்டுத்தான், மடமை, வீண் என்கிறார்கள். 1530இல் ஆண்ட்வெர்ப்பில் அச்சான, ஆசிரியர் பெயரில்லாத ஒரு கவிதை மனிதர்களை மடத்தன விளையாட்டில் மூழ்கிய பிள்ளைகளுக்கு ஒப்பிடுவதை இதற்கு ஆதாரம் காட்டுகிறார்கள். இன்னொரு சாரார், இல்லை, இது ஒரு கலைக்களஞ்சியம், தன் காலத்து விளையாட்டுகளை எல்லாம் ஒருத்தன் ஆவணப்படுத்தியிருக்கிறான் என்கிறார்கள். இரண்டுமே இருக்கலாம். எனக்கு இரண்டுமே போதவில்லை. விளையாட்டு வீண் என்று சொல்லுகிறவன், விளையாட இடம் கிடைத்தவனாகத்தான் இருப்பான்.

நான் பல வருசமாகப் புத்தகத்தில் இந்தப் படத்தைப் பார்த்துவந்தவள். ஒரு பிள்ளை வாயில் வைத்து எதையோ ஊதுவதைப் பலூன் என்றே நினைத்திருந்தேன். 1560இல் ஏது ரப்பர் பலூன் என்று எனக்குத் தோணவேயில்லை, எம்.ஏ. படித்த லட்சணம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்திருந்த ஒரு பாட்டிதான் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தார். "இந்தா தாயி, பன்னி அறுத்திருக்கானுக. மூத்திரப்பைய ஊதுறான் பாரு." அப்புறம் ஆற்றுப் பக்கம் விரலைக் கொண்டுபோய், "இங்கயும் ஒருத்தன் அதக் கட்டிக்கிட்டு நீச்சலடிக்கிறான்" என்றார். அது பன்றியின் மூத்திரப்பை என்றுதான் படத்தை ஆராய்ந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். பாட்டிக்கு ஒரு நிமிசம் ஆச்சு.

எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாங்களும் ஊதியிருக்கிறோம். எங்கள் தெருவில் மாடு அறுக்கிற அன்றைக்கு அந்தப் பைக்காகப் பையன்களுக்குள் அடிதடி நடக்கும். சாம்பலில் புரட்டித் தேய்த்து, ஊதி, நூல் கட்டினால் ரெண்டு நாளைக்கு அதுதான் பந்து. இதை நான் கல்லூரியில் யாரிடமும் சொன்னதில்லை. விடுதியில் சின்ன வயசு விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது பல்லாங்குழி, தாயம் என்று சொல்லிவைத்தேன். எங்கள் வீட்டில் பல்லாங்குழிப் பலகை கிடையாது.

அதற்குப் பிறகு படத்தை நான் பார்த்த விதமே வேறு. இடது கீழ் மூலையில் ரெண்டு பெண்கள் உட்கார்ந்து சொட்டாங்கல் ஆடுகிறார்கள். கல்லில்லை, ஆட்டின் கணுக்கால் எலும்பு. கீழ்ப்பகுதியில் ஒரு சிறுமி குச்சியால் பீயைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். இதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, புரூகல் மறைக்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பிள்ளை மேளம் அடிக்கிறது. மூத்திரப்பை, எலும்பு, மலம், தோல்மேளம். இந்த நாலும் நம் நாட்டில் ஒரு கூட்டத்தின் தலையில் மட்டும் கட்டப்பட்டவை. இதைத் தொடுகிறவன் இன்னான் என்று ஆயிரம் வருசத்துக்கு மேலாக எழுதிவைக்கப்பட்டவை. அந்தப் படத்தில் இவை வெறும் விளையாட்டுச் சாமான். எலும்பைத் தொட்ட பெண் எலும்பைத் தொட்ட பெண், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்தால் எழுந்து எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். மேளம் அடித்த பிள்ளை பெரியவனானதும் சாவுக்கு அடித்தே தீரவேண்டும் என்று அங்கே விதியில்லை. வியன்னா அருங்காட்சியகத்தில் இந்தப் படத்தின் முன் நிற்கிற யாரும் இதைக் கவனிக்கப் போவதில்லை. அவர்களுக்குக் கவனிக்க இதில் ஒன்றுமில்லை. நமக்கு இதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

சொட்டாங்கல் கதை ஒன்று இருக்கிறது. ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்த ஊர் பெயரைப் போட்டாலும் பொருந்தும். எனக்கு எட்டு வயசு. மந்தையில் சாவடிக்குப் பின்னால் நிழலில் என்னோடு படித்த ஒரு பிள்ளையும் நானும் அஞ்சு கல்லை வைத்து ஆடிக்கொண்டிருந்தோம். ஓடையில் நான் பொறுக்கி வந்த கல், உருண்டையாக, ஒரே அளவாக. நாலாம் கட்டைக்கு வந்துவிட்டேன். அவளுடைய அப்பத்தா வந்தார். என்னை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. பேத்தியின் கையைப் பிடித்து எழுப்பிக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றினார். திரும்பி வந்து, கிடந்த கல்லு அஞ்சையும் விளக்குமாற்றால் தள்ளிச் சாக்கடையில் விட்டார். கையால் எடுக்கவில்லை. அந்த விளக்குமாறுதான் இன்றுவரை என் கண்ணில் நிற்கிறது. கல்லுக்குத் தீட்டு உண்டு என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அன்றைக்கு நானே படித்துக்கொண்டேன். அவளும் படித்துக்கொண்டிருப்பாள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அவள் வேறு பெஞ்சுக்கு மாறியிருந்தாள்.

சாதி பள்ளிக்கூடத்திலோ கோயிலிலோ தொடங்குவதாகச் சொல்லுகிறோம். அதற்கு முன்னாலேயே விளையாட்டில் தொடங்கிவிடுகிறது. யார் ஆடுகிறவர், யார் பந்து பொறுக்கிப் போடுகிறவர், யார் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவர் என்பதெல்லாம் அஞ்சு வயசிலேயே முடிவாகிவிடுகிறது. மந்தை, பொட்டல், கோயில் திடல், கம்மாய்க்கரை எல்லாம் பொதுவிடம் என்று வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கலாம். பிள்ளைகளிடம் கேட்டால் எது யாருடையது என்று கோடு போட்டுக் காட்டுவார்கள்.

நான் தமிழ் படித்தவள் என்பதால் இதையும் கேட்க வேண்டியிருக்கிறது. நம்முடைய பழைய கலையில் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் எங்கே? கோயில் தூணில் வெண்ணெய் எடுத்த கண்ணன் இருக்கிறான், தவழுகிற கண்ணன் இருக்கிறான். சாமி விளையாடினால் அதற்கு லீலை என்று பெயர். பிள்ளைத்தமிழ் என்று ஒரு இலக்கிய வகையே வைத்துப் பத்துப் பருவம் பிரித்துப் பாடியிருக்கிறார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று கடைசி மூன்று பருவம். சிறுபறை! முருகன் குழந்தையாக இருந்து பறை முழக்கலாம், அதைப் புலவர் விருத்தத்தில் பாடலாம். அதே தோலை அதே மாதிரி இழுத்துக் கட்டி ஒரு பெரிய ஆள் அடித்தால் அவன் தெருவுக்குள் வரக்கூடாது. வகுப்பில் இதைப் படித்தபோது கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. சொட்டாங்கல்லுக்குப் பழைய பெயர் கழங்கு. சங்கப் பாட்டுக் காலத்திலிருந்து பெண்கள் ஆடுகிறார்கள், பொன்னால் செய்த கழங்கைக்கூடப் பாடியிருக்கிறார்கள். ஓடைக்கல்லைச் சாக்கடையில் தள்ளின கதையைப் பாட ஆளில்லை.

ஆனாலும் ஒரே ஒரு இடம் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார், நந்தனாரின் கதையைச் சொல்லத் தொடங்கும்போது ஆதனூர்ப் புலைப்பாடியை நின்று பார்க்கிறார். கோழிக்குஞ்சுகள் சுற்றித் திரிகிற, தோல்வார் கிடக்கிற ஒரு முற்றம். அங்கே துள்ளுகிற நாய்க்குட்டியைக் கறுத்த பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கையில் இரும்பு வளையம், இடுப்பில் இரும்பு மணி. குட்டி கத்துகிறது, அந்தச் சின்னக் குரைப்பு கேட்காதபடி மணிச்சத்தம் அமுக்கிவிடுகிறது. பக்கத்தில் மருத மரத்து நிழலில் ஒரு உழத்தி சின்னத் தோலின் மேல் பிள்ளையைப் படுக்கவைத்துத் தூங்கவைக்கிறாள். மாமரத்தில் பறை தொங்குகிறது. புரூகலுக்கு நானூறு வருசம் முந்தின விளையாட்டுப் படம் இது. சேரிப் பிள்ளை விளையாடுவதைத் தமிழில் இவ்வளவு கிட்டே போய்ப் பார்த்த வேறு பழைய எழுத்து நான் படித்ததில்லை.

கல்லூரியில் இந்தப் பகுதியை "வருணனை, தேர்வுக்கு வராது" என்று சொல்லி ஒரே மூச்சில் கடந்துபோனார்கள். நான் மட்டும் அந்த நாய்க்குட்டியோடு பின்தங்கிவிட்டேன். சேக்கிழார் வெளியே நின்று பார்க்கிறவர்தான், சந்தேகமில்லை. அவருக்குத் தேவைப்பட்டது அந்தச் சேரியில் பிறந்த ஒருத்தர் கடைசியில் தில்லையில் தீக்குள் இறங்கித் தன் உடம்பை மாற்றிக்கொண்டு வெளியே வருவது. அந்தக் கடைசியை உறைக்கவைக்கத்தான் முதலில் தோலும் நாயும் இரும்பும் கறுப்பும் வருகின்றன என்று வாசிக்கலாம். அப்படித்தான் நான் ரொம்ப நாள் கோபமாக வாசித்தேன். இப்போதும் கோபம் போகவில்லை. ஆனால் இரும்பு மணிச்சத்தத்தில் குட்டியின் குரைப்பு அமுங்கியதைக் காதால் கேட்காமல் எழுதியிருக்க முடியாது. அந்த ஒரு நிமிசம் அவர் அந்தப் பிள்ளைகளைப் பிள்ளைகளாகப் பார்த்திருக்கிறார். அப்புறம் நந்தன் கதைக்குப் போய்விடுகிறார். குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடின பையன் என்ன ஆனான்? அவனும் வளர்ந்து, நந்தனைப் போலவே கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும் யாழுக்கு நரம்பும் கொடுத்துவிட்டு வாசலுக்கு வெளியேதான் நின்றிருப்பான்.

புலை என்ற அந்தச் சொல் இந்த மலையிலும் இருக்கிறது. பழனி மலையின் பழைய குடிகளில் ஒருவர் புலையர். 1868இல் வந்த நெல்சனின் மதுரை நாடு பற்றிய நூலும், 1906இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை கெஜட்டியரும் அவர்களைக் குன்னுவர்களின் நிலத்தில் கட்டுப்பட்டு உழைத்தவர்களாகப் பதிவு செய்கின்றன. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரைக்கும் மலைப்புலையர் பழங்குடிப் பட்டியலில் இருந்தார்கள். பிறகு பட்டியல் சாதியில் வைக்கப்பட்டார்கள். மறுபடி பழங்குடியில் சேர்க்கச் சொல்லி அவர்கள் கேட்டுவருகிறார்கள். சேக்கிழார் பார்த்த பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் ரத்த உறவு என்றெல்லாம் நான் சொல்லவில்லை. ஒரு சொல் எத்தனை தூரம், எத்தனை உயரம் ஏறி வந்து பிள்ளைகளின் மேல் உட்கார்ந்துகொள்கிறது என்றுதான் சொல்கிறேன்.

தோழர்கள் சிலர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப ஐரோப்பாவே சொர்க்கம்னு எழுதப்போறீங்களா?" என்றார்கள். இல்லை. அதே புரூகல் 1568இல் வரைந்த பிச்சைக்காரர்கள் படத்தைப் பாருங்கள். கால் ஊனமானவர்கள், உடம்பில் நரிவால் தொங்க, ஊரால் ஒதுக்கப்பட்டு ஒரு முற்றத்தில் நிற்கிறார்கள். விளையாட்டுப் படம் வரைந்து ஏழு வருசத்துக்குள் ஆல்பா பிரபுவின் படை வந்து அந்த நாட்டில் ரத்தம் ஓடியது. அடுத்த நூற்றாண்டில் அதே நாட்டின் வடபகுதியிலிருந்து வந்த டச்சுக் கம்பெனிதான் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் உட்கார்ந்து, பஞ்சத்தில் விற்கப்பட்ட தமிழ்ச் சனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது. விற்கப்பட்டவர்களில் பிள்ளைகளும் உண்டு. எலும்புக்குத் தீட்டுப் பார்க்காதவன் மனுசனை விற்காமலிருந்தான் என்று அர்த்தமில்லை. ஒரு படத்தில் ஒரு தெருவைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். நமக்கு அந்த ஒரு தெருகூடப் படத்தில் கிடைக்கவில்லை.

பூண்டிக்குத் திரும்புகிறேன். பதினோரு வயசுப் பிள்ளை ஒருத்தி, இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டே படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ரெண்டு தடவை நடந்தாள். "இதுல ஒருத்திகூட தம்பியத் தூக்கிட்டு நிக்கலயேக்கா" என்றாள். நானும் அவளோடு சேர்ந்து தேடினேன். பொம்மை வைத்திருக்கிற பெண் இருக்கிறாள். பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஞானஸ்நானத்துக்குப் போவதுபோல் நடிக்கிற ஊர்வலம் இருக்கிறது. நிஜமான தம்பியைத் தூக்கினவள் என் கண்ணில் படவில்லை. அவள் தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து வலது கீழ் ஓரத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு சிறுமி தனியாக உட்கார்ந்து செங்கல்லைச் சுரண்டிச் சிவப்புப் பொடி எடுத்துக்கொண்டிருக்கிறாள், கடை வைத்து விளையாட. அவள் பக்கத்து மரத்தில்தான் புரூகல் தன் பெயரையும் 1560 என்ற வருசத்தையும் எழுதியிருக்கிறார். இத்தனை பேர் ஓடி ஆடுகிற படத்தில் கையெழுத்துப் போட அவர் தேடிப்பிடித்த இடம், உட்கார்ந்து வண்ணப்பொடி செய்கிற ஒரு பிள்ளையின் பக்கம். "இவ மட்டுந்தான் வேல பாக்குறா" என்றாள் அந்தப் பிள்ளை. வேலையில்லை, விளையாட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விரல் நகங்களில் மண் இருந்தது. சொல்லவில்லை.

ஃப்ளெக்ஸை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த மாசம் போனபோது மழை. அறைச் சுவரில் படத்தைக் காணோம். ரோட்டோரத்தில் ஒருத்தர் வீட்டு முன்னால் பிடுங்கிப் போட்ட பூண்டுக் குவியல் நனையாமல் இருக்க அதை எடுத்து மூடியிருந்தார்கள். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். காற்றில் ஒரு முனை மட்டும் புரண்டு, செங்கல் சுரண்டுகிறவள் தெரிந்தாள். எனக்கு வருத்தமில்லை, ஃப்ளெக்ஸ் அதற்கும்தான். ஆனால் ஒரு பையன் பூண்டுக்காரரிடம் போய்ச் சண்டைபோட்டுக்கொண்டிருந்தான். அவன் ஒரு நோட்டில் விளையாட்டுகளை எழுதிவருகிறானாம். அறுபத்தேழு வரை வந்திருக்கிறது. மிச்சத்தை எண்ண வேண்டும், படம் வேண்டும் என்றான். பூண்டு காயட்டும்டா, தாரேன் என்றார் அவர்.